சாவிக்கொத்தில் ஒரு கத்தரிக்கோல்: வாசகர் கேள்வி பதில்

அறுபதைத் தாண்டியவர்கள் பால் பாக்கெட்டையும் மாத்திரை அட்டையையும் பல்லால் கடித்துத் திறக்க வேண்டாம், சாவிக்கொத்தில் ஒரு சின்ன மல்ட்டிடூல் (கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் ஒன்றாக மடங்கியிருக்கும் கருவி) மாட்டிக்கொண்டால் போதும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எனக்கு 67 வயது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி இருக்கிறது. கடையில் பத்துக் கருவி உள்ளது, பதினைந்து கருவி உள்ளது என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது?
வாசகி, கும்பகோணம்

எண்ணிக்கையை விடுங்கள். காலையிலிருந்து இரவு வரை என்னென்ன திறக்க வேண்டியிருக்கிறது என்று ஒரே ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பால் பாக்கெட், மாத்திரை அட்டை, மசாலா பொட்டலம், பூச்சரத்தின் நார், துணியில் தொங்கும் நூல், கூரியர் கவர். எல்லாமே கத்தரிக்கோல் வேலை. கத்தி தேவைப்படுவது அட்டைப்பெட்டி டேப்புக்கு மட்டும்தான். அதனால் முதலில் கத்தரிக்கோல் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சாவிக்கொத்துக்கென்றே உள்ளவற்றில் எங்கள் முதல் தேர்வு விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. மடித்தால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைகூட இல்லை. அதில் சிறு கத்தி, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், அரத்தின் நுனியில் 2.5 மில்லிமீட்டர் தட்டை ஸ்க்ரூடிரைவர், முள்வாங்கி, பல்குச்சி ஆகியவை இருக்கின்றன. இதற்குமேல் ஏதாவது வேண்டும் என்றால் விக்டோரினாக்ஸிலேயே அதே அளவில் வரும் ராம்ப்ளரைப் பார்க்கலாம். அதில் பாட்டில் திறப்பானும் ஸ்டார் முனையும் கூடுதலாக உண்டு. ஆனால் கூடுகிற ஒவ்வொரு அடுக்கும் கருவியைத் தடிமனாக்கும், விரல் வலிக்கு அது நல்லதல்ல.

உங்கள் பிரச்சினை கட்டைவிரல் அடிமூட்டு. விரல்நுனியால் ஒன்றைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் கொடுக்கும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அந்த அடிமூட்டில் இறங்கும். நகக்குழியில் நகத்தை வைத்து இழுக்கும் கருவி எல்லாமே கிள்ளிப் பிடிப்பதுதான். லெதர்மேன் மைக்ரா மாதிரி, இரண்டு கைப்பிடிகளைப் பிரித்தாலே நடுவிலிருந்து கத்தரிக்கோல் வெளிவரும் வகை கிடைத்தால் உங்களுக்கு அது இன்னும் சௌகரியம். சுமார் 50 கிராம் என்பதால் கொஞ்சம் கனம்தான், ஆனால் கைப்பிடி நீளமாக இருப்பதால் உள்ளங்கையை மூடித் திறந்தே வெட்டிவிடலாம். கட்டைவிரல் நுனிக்கு வேலை குறைவு.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். கத்தரிக்கோலை ஐந்து முறை திறந்து மூடுங்கள். ஐந்தாவது முறை நகம் வலித்தால் அந்தக் கருவி வேண்டாம், வீட்டுக்குப் போனால் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும். பிறகு ஒரு பால் கவரையோ பிஸ்கட் உறையையோ கத்தரிக்கோலின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மலிவான நகல்களில் அடிப்பகுதி வெட்டும், நுனியில் பிளாஸ்டிக் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். அலகுகள் நுனிவரை உரசிக்கொண்டு வராததுதான் காரணம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

வாங்கிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. மூடிய நிலையில் எது கத்தி, எது அரம், எது கத்தரிக்கோல் என்று வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. கத்தரிக்கோலின் நகக்குழியில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் காயவிட்டு மூடுங்கள். தவறிக் கத்தியைத் திறப்பது அன்றோடு நிற்கும்.

மாத்திரை அட்டையை எப்படி வெட்டுவது சரி? நான் ஒவ்வொரு மாத்திரையாகச் சதுரமாக வெட்டி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.
வாசகர், 72 வயது, விருதுநகர்

தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். அவசரத்திலோ இருட்டிலோ உறையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். வயதானவர்களிடம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் விபத்து இது. வெட்டிய மூலைகள் ஊசிபோல் கூர்மையாக இருக்கும், உணவுக்குழாயையும் குடலையும் குத்திக் கிழிக்கும். அதோடு, காலாவதி தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். சதுரமாக வெட்டினால் எந்த மாத்திரைக்கு எந்தத் தேதி என்றே தெரியாமல் போகும்.

அட்டை இரண்டு வகை. இரு பக்கமும் அலுமினியத் தாளாக இருப்பதை அட்டையிலிருந்து பிரிக்காமலே திறக்கலாம். மாத்திரைக்கு வெளியே ஒட்டியிருக்கும் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரே ஒரு வெட்டு, அவ்வளவுதான். அந்த வெட்டிலிருந்து கையால் கிழித்தால் நேராகக் கிழியும். தேதி அச்சாகிய ஓரத்தைக் கடைசிவரை தொடாதீர்கள்.

ஒரு பக்கம் பிளாஸ்டிக் குமிழ், மறுபக்கம் தாள் என்று இருப்பதற்கு வெட்டே தேவையில்லை. அரத்தின் நுனியால் தாளில் லேசாக ஒரு கீறல் போடுங்கள். மேசையில் ஒரு கிண்ணத்தின் மேல் அட்டையைப் பிடித்து, குமிழை ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்துங்கள். மாத்திரை கிண்ணத்தில் விழும், கட்டிலுக்கு அடியில் ஓடாது.

இன்னொன்று. பாதி மாத்திரைக்கு இந்தக் கத்தியைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி தூளாகவும் போகும். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் டப்பா தனியாகக் கிடைக்கிறது, மூடினால் நடுவில் வெட்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அதில் மருந்து மெதுவாக வெளியேறும்படி செய்திருப்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உடைக்கவே கூடாது.

மூக்குக்கண்ணாடியின் காது கழன்று கழன்று விழுகிறது. இந்தக் கருவியால் முடுக்கலாமா?
வாசகி, பாளையங்கோட்டை

முடுக்கலாம், ஆனால் எல்லாக் கண்ணாடிக்கும் முடியாது. கீல் ஸ்க்ரூவின் தலை பெரும்பாலும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். கிளாசிக்கின் முனை 2.5 மில்லிமீட்டர். தலை வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் பொருந்தும், குழிக்குள் இறங்கியிருந்தால் முனை உள்ளே போகாது. அப்படிப்பட்ட கண்ணாடிக்கு, கண்ணாடிக் கடைகளிலேயே கிடைக்கும் விரல் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றை அதே வளையத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். தரையில் விழுந்த கண்ணாடி ஸ்க்ரூவைத் தேடிக் கண்டுபிடிப்பது, அதுவும் கண்ணாடி இல்லாமல், நடக்கிற காரியமில்லை. காதைப் பாதி மடித்த நிலையில் வைத்தால் கீலில் இழுவை இருக்காது, ஸ்க்ரூ சுலபமாகத் திரும்பும். முனையை நேராக நிறுத்தி, அழுத்தம் அதிகமாகவும் திருப்பு குறைவாகவும் கொடுங்கள். முனை வழுக்கினால் தலையின் வெட்டு மழுங்கிவிடும், பிறகு கடைக்காரராலும் எடுக்க முடியாது. பிடித்துக்கொண்டதும் நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் ஃப்ரேமில் அதற்குமேல் கால் திருப்பு போனாலே விரிசல் விழும். முடித்ததும் ஸ்க்ரூ தலையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு துளி வைத்தால் சீக்கிரம் தளராது.

ஸ்க்ரூ தொலைந்தே போய்விட்டால், கடைக்குப் போகும்வரை பல்குச்சி மரத்துண்டை அந்த ஓட்டையில் செருகி நுனியை வெட்டிவிடுங்கள். ஒரு நாள் தாங்கும். ஊக்கு மட்டும் போடாதீர்கள், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காது கேட்கும் கருவியின் பேட்டரியை இதிலுள்ள முள்வாங்கியால் எடுக்கலாமா? கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.
வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். உலோக முள்வாங்கி பேட்டரியின் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு முனையும் சேர்ந்துவிடும், பேட்டரி வீணாகும். சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தத் துண்டை மாட்டிக்கொள்ளுங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காது கருவியோடு வரும் பிரஷ்ஷின் அடியிலும் பல நேரங்களில் காந்தம் இருக்கும், பாருங்கள்.

வாங்கும்போது நிறத்தைச் சொல்லிக் கேட்டால் போதும். மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. பின்னால் ஒட்டியிருக்கும் நிறத்தாளை உரித்ததும் உடனே கருவிக்குள் போடாமல் ஒரு நிமிடமாவது வெளியே வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் அது முழு வேலை செய்யும். எல்லாவற்றையும் மொத்தமாக உரித்து வைத்தால் அன்றிலிருந்தே எல்லாம் தீர ஆரம்பிக்கும்.

பேரப்பிள்ளைகள் உள்ள வீடு என்றால், பழைய பொத்தான் பேட்டரி ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது. தட்டையான லித்தியம் வகையைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

வேட்டி கட்டுகிறவன் நான். இதை எங்கே வைத்துக்கொள்வது? சாவி வளையத்தில் மாட்டவே நகம் உடைந்துவிட்டது.
வாசகர், 70 வயது, காரைக்குடி

சட்டைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். செருப்பு மாட்டக் குனிந்தாலே விழும், அதை எடுக்க மறுபடி குனிய வேண்டும். உள்ளே போடும் டவுசர் பையோ, இடுப்புப் பெல்ட்டில் கொக்கியோ சரி. சேலை கட்டுகிறவர்களுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது. இடுப்பில் செருகும் சாவிக்கொத்துக் கொக்கி அப்படியே இதையும் தாங்கும். வளையலிலும் தாலிச் சரட்டிலும் ஊக்கு கோத்து வைத்துக்கொண்ட நம் பாட்டிமார் கை எட்டும் தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள். ஆனால் கழுத்துச் சரட்டில் ஊக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 21 கிராம் கருவி அடுப்பின் முன் குனியும்போது முன்னால் ஆடும்.

வளையத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஸ்டேப்ளர் பின் பிடுங்குகிற கருவியை எடுத்து, அதன் பற்களை வளையத்தின் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். வளையம் பிளந்து நிற்கும், சாவியை நுழைத்துவிடலாம். நகத்துக்கு வேலையே இல்லை.

ஸ்கூட்டர் சாவியோடு நேரடியாகக் கோக்காதீர்கள். ஓடும்போது கொத்து முழுக்க ஆடி ஆடிச் சாவித்துவாரத்தைத் தேய்க்கும். நடுவில் கழற்றி மாட்டும் கொக்கி ஒன்று போதும். விழுந்தால் கண்ணில் படும்படி மஞ்சளிலோ ஆரஞ்சிலோ ஒரு நாடா கட்டுங்கள். கறுப்பு நாடா வேண்டாம்.

என் கணவருக்குக் கை நடுக்கம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் எடுக்கிறார். அவர் கையில் இதைக் கொடுக்கலாமா?
வாசகி, சேலம்

கத்தி இல்லாத வகையைக் கொடுங்கள். கத்தரிக்கோலும் முள்வாங்கியும் உள்ள அப்படிப்பட்ட கருவிகள் வருகின்றன. ஏற்கெனவே வாங்கியதில் கத்தி இருந்தால் அதன் நகக்குழியை மூடி டேப் சுற்றிவிடலாம்.

இந்தச் சின்னக் கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நுனியால் குத்தித் தள்ளினால் கத்தி மடங்கி, பிடித்திருக்கும் விரலின் மேலேயே விழும். காயங்கள் இப்படித்தான் வருகின்றன. அட்டைப்பெட்டி டேப்பை வெட்ட, பெட்டியை மடியில் வைக்காமல் மேசையில் வையுங்கள். கத்தியின் நுனியில் 5 மில்லிமீட்டர் மட்டும் டேப்பில் இறங்கட்டும். உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக இழுங்கள், குத்த வேண்டாம். உள்ளே இருக்கும் புடவையும் தப்பும்.

நடுக்கம் உள்ளவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசையில் ஊன்றிக்கொண்டு வெட்டினால் ஆட்டம் நன்றாகக் குறையும். காயம் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் கசிந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேஸ் சிலிண்டர் மூடியை இதனால் நெம்பலாமா?
வாசகி, ஈரோடு

கூடாது. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சீலைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், அத்தோடு கருவியை மடித்துவிடுங்கள். வெள்ளை மூடியை அதன் நைலான் கயிற்றைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். விரல் பிடிக்கவில்லை என்றால் கயிற்றுக்குள் ஒரு கரண்டிக் காம்பை நுழைத்துத் தூக்குங்கள். வால்வுக்குள் தெரியும் ரப்பர் வளையத்தை முள்வாங்கியால் தொடவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் கேஸ் கசியும். மூடி வரவில்லை என்றால் சிலிண்டர் கொண்டுவந்தவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், வளையம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. காலில் முள் குத்தினால், நகம் வெட்ட, இது போதுமா?
வாசகர், ராமநாதபுரம்

கைக்குப் போதும், காலுக்குக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டுகிறோம் என்பது உங்களுக்கே தெரியாது. கருவேல முள் பாதத்தில் ஒடிந்து நின்றுவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கால் நகம் வயதோடு தடித்துப்போவதால் இந்தச் சின்னக் கத்தரிக்கோல் அதை வெட்டாது, பிளக்கும். குளித்து நகம் ஊறியபின், பெரிய நகவெட்டியால், ஓரங்களை உள்ளே வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும். கண் சரியாகத் தெரியாவிட்டால் வேறொருவர் வெட்டிவிடட்டும்.

கையில் குத்திய சிராய்க்கு முள்வாங்கி அருமையான கருவி. முதலில் இரண்டு நுனியும் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் முள்ளைப் பிடிக்காது, ஒடிக்கும். கையையும் நுனியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்து, முள் எந்தச் சாய்வில் நுழைந்ததோ அதே சாய்வில் இழுங்கள். டெட்டனஸ் வராமலிருக்கப் போடும் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறோம். எடுத்துப் போகலாமா?
வாசகர், திருச்சி

பெட்டியில் வைத்து, விமானத்தின் அடியில் போகும் சாமானோடு அனுப்புங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். கிளம்புவதற்கு முந்தைய இரவே சாவிக்கொத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்றால் அது மடக்குக் கத்தியாக, பூட்டு இல்லாததாக, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். கிளாசிக்கின் கத்தி அதில் அடங்கும். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு குட்டியானாலும் அடங்காது. நம் ஊரில் ஆயுதச் சட்ட விதி பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான். ஆனாலும் சோதனை உள்ள கோயில், நீதிமன்றம், மெட்ரோ போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஆறு மாதத்தில் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
வாசகி, நாகப்பட்டினம்

தேங்காய் எண்ணெய்தான் பாதிக் காரணம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் பாட்டிலில் வெள்ளையாக நிற்கிறதே, கருவியின் மூட்டுக்குள்ளும் அதேதான். நாளாக நாளாகத் தூசியோடு சேர்ந்து பிசினாகும். மீதிப் பாதி உங்கள் ஊரின் உப்புக்காற்று. ஸ்டெயின்லெஸ் என்றாலும் ஈரமும் உப்பும் உள்ளே தங்கினால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

முள்வாங்கியையும் பல்குச்சியையும் உருவி எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு, தண்ணீருக்குள் வைத்தே ஒவ்வொரு கருவியையும் பத்து முறை திறந்து மூடுங்கள். மூட்டுகளைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வெந்நீர் கொதிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பக்கங்கள் வளையும். துடைத்து, எல்லாவற்றையும் திறந்த நிலையில் மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். அதே கத்தியால் பழம் நறுக்குவதுண்டு என்றால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலமிளக்கியாக வேறு மருந்து கலந்து வருவது வேண்டாம், வெறும் பாரஃபின். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை மாதம் ஒரு முறை செய்யலாம்.

டேப்பின் பசை கத்தரிக்கோலில் ஒட்டியிருந்தால் மட்டும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள், பசை கரைந்து வரும். பிறகு சோப்பால் எண்ணெயை முழுக்கக் கழுவிவிட வேண்டும். கத்தரிக்கோல் வெட்டியபின் தானாகத் திறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் அல்லது விலகியிருக்கும். அந்த ஸ்பிரிங் தனியாகவே கிடைக்கிறது, அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க?
வாசகி, மதுரை

இதன் முனையால் நெம்பினால் கண்ணாடி சில் தெறித்து ஊறுகாயில் விழும், முனையும் வளையும். ஸ்பூன் காம்பை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். "டப்" என்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று போய்விட்டது. அதன்பின் மூடியைச் சுற்றி ஒரு அகலமான ரப்பர் பேண்ட் போட்டுத் திருப்புங்கள், வந்துவிடும்.